வாடகை வீட்டை விற்றால் வரி: 54ஆம் பிரிவின் கதை

கோவையில் "லைன் வீடு" என்றால் தெரியாதவர் இருக்க மாட்டார்கள். ஒரே வரிசையில் நான்கைந்து குடித்தனங்களுக்கு வாடகைக்கு விடும் வீடுகள் அவை. 1930களில் பைக்காரா மின்சாரம் வந்து பஞ்சாலைகள் பெருகின. வேலைக்கு வந்தவர்கள் குடியிருக்க வாடகை வீடுகளும் தேவைப்பட்டன. வீட்டுக்காரர் பலருக்கு வயதான காலத்தில் அந்த வாடகைதான் பென்ஷன். அத்தகைய வீட்டை விற்று வரும் இலாபத்துக்கு வரி உண்டா? இதற்குச் சட்டம் காலந்தோறும் ஒவ்வொரு பதில் சொல்லியிருக்கிறது.

வரி வந்த வழி

மூலதன ஆதாய வரியை முதலில் கொண்டுவந்தவர் இடைக்கால அரசில் நிதிப் பொறுப்பு வகித்த லியாகத் அலிகான். 1947 பட்ஜெட்டில் அறிவிக்கப்பட்ட அந்த வரி, 1946 மார்ச் 31க்குப் பிந்தைய விற்பனைகளுக்குப் பொருந்தியது. விடுதலைக்குப் பின் முதல் நிதியமைச்சரானவர் கோவையில் பிறந்த ஆர்.கே.சண்முகம் செட்டியார். 1948 ஆகஸ்டில் அவர் பதவி விலகினார். அடுத்து வந்த ஜான் மத்தாயின் காலத்தில், 1949ஆம் ஆண்டு நிதிச் சட்டம் இவ்வரியை 1948 ஏப்ரல் 1 முதல் நீக்கியது. 1956இல் கேம்பிரிட்ஜ் பொருளியலாளர் நிக்கோலஸ் கால்டார் பரிந்துரைக்க, டி.டி.கிருஷ்ணமாச்சாரி அதை மீண்டும் கொண்டுவந்தார்.

வாடகை வீட்டுக்குக் கதவு திறந்தது

1961 வருமான வரிச் சட்டத்தின் 54ஆம் பிரிவு ஒரு சலுகை தந்தது. வீட்டை விற்ற இலாபத்தில் வேறு வீடு வாங்கினால் வரி இல்லை. ஆனால் விற்ற வீட்டில் அதற்கு முந்தைய இரண்டாண்டுகள் உரிமையாளரோ அவருடைய பெற்றோரோ குடியிருந்திருக்க வேண்டும். எனவே லைன் வீட்டுக்காரருக்குச் சலுகை கிடைக்கவில்லை. 1982ஆம் ஆண்டு நிதிச் சட்டம்தான் இந்த நிபந்தனையை எடுத்தது.

விற்பதற்கு ஓராண்டு முன்போ, விற்ற இரண்டாண்டுக்குள்ளோ புது வீடு வாங்கலாம். கட்டுவதானால் மூன்றாண்டு அவகாசம். கணக்குத் தாக்கல் செய்யும் கெடுவுக்குள் செலவாகாத பணத்தை, 1988ஆம் ஆண்டுத் திட்டப்படி வங்கியில் தனிக் கணக்கில் போட வேண்டும்.

இது உண்மையில் விலக்கா, தள்ளிவைப்பா? இலாபம் 40 லட்சம், புது வீடு 60 லட்சம் என்று வைத்துக்கொள்வோம். மூன்றாண்டுக்குள் அதையும் விற்றால், அதன் அடக்கவிலை 20 லட்சம் என்றே கணக்கிடப்படும். விட்ட வரி திரும்பி வந்துவிடும். மூன்றாண்டு தாண்டினால் பழைய வரி அடியோடு மறைந்துவிடும். அமெரிக்காவில் 1921இல் தொடங்கிய சொத்துப் பரிமாற்ற முறையில் அப்படி மறையாது. வரி ஒவ்வொரு சொத்தாகத் தொடர்ந்து வரும். ஆனால் ஒன்றை விற்றுப் பல வாங்க அங்கே தடையில்லை.

ஒன்றா, பலவா?

இங்கே தடை உண்டு. "ஒரு வீடு" என்பதற்குள் பல வீடுகளும் அடங்கலாம் எனச் சில உயர் நீதிமன்றங்கள் கூறியிருந்தன. 2014இல் சட்டம் திருத்தப்பட்டு, இந்தியாவில் ஒரே ஒரு வீடு என்றானது. 2019 முதல், இலாபம் 2 கோடிக்கு மிகாவிட்டால் ஆயுளில் ஒருமுறை இரண்டு வீடுகள் வாங்கலாம். 2023இல் சலுகைக்கு 10 கோடி உச்சவரம்பு வந்தது.

சட்டம் வீடுகளை எண்ணுகிறது, வாடகையை எண்ணவில்லை. ஐந்து குடித்தனங்களின் வாடகையில் வாழ்ந்தவர் லைனை விற்று ஒரு ஃபிளாட் வாங்கினால் வரி மிச்சமாகும். ஆனால் ஒரு குடித்தனம் காலி செய்தாலும் மற்ற நான்கு கைகொடுத்த பாதுகாப்பு போய்விடும். விற்கும் முன் வரியோடு இதையும் கணக்கில் சேர்ப்பது நல்லது.