உறை பிரிக்காமல் திரும்பிய கதைகள்

சென்ற மாரியில் நான் வசிக்கும் புறநகரின் நூலகத்தில் ஓர் அறிவித்தல் ஒட்டியிருந்தார்கள். குறுந்திரைக்கதைப் போட்டி. வெள்ளி மாலை சீட்டு எடுக்கவேண்டும். என்ன வகைக் கதை, எந்த இடம், எந்தப் பொருள் என்று மூன்று விடயங்கள் அதில் இருக்கும். ஞாயிறு மாலைக்குள் ஐந்து பக்கங்களுக்கு மேற்படாமல் எழுதிக் கொடுக்கவேண்டும். சினிமாத் தொழிலில் இருப்பவர்கள் பங்குபற்ற முடியாது. எனக்கு விழுந்த சீட்டில் இருந்தவை: நகைச்சுவை, காத்திருக்கும் அறை, குடை.

நான் ஓர் உணவகத்தில் கோப்பை கழுவத் தொடங்கி, இப்போது காய்கறி வெட்டும் நிலைக்கு 'உயர்ந்திருப்பவன்'. யாழ். பல்கலைக்கழகத்தில் வரலாறு படிக்கத் தொடங்கி இரண்டாம் வருடத்தோடு விட்டவன். மத்தியான வேலைக்கும் இரவு வேலைக்கும் இடையில் கிடைக்கும் மூன்று மணித்தியாலங்களில்தான் எழுதினேன். என்னோடு வேலை செய்யும் மாலி நாட்டு நண்பன் பிரெஞ்சுப் பிழைகளைத் திருத்தித் தந்தான்.

எழுத்தையே தொழிலாகக் கொள்ளாதவர்களை அழைத்துச் சினிமாவுக்குக் கதை எழுதச் சொல்லும் இந்த வழக்கம் எங்கிருந்து வந்தது? எழுதிக் கொடுத்த பிறகுதான் இந்தக் கேள்வி எனக்கு வந்தது. விட்ட படிப்பின் பழக்கம் போலும். தேடிப் படித்தேன். இது நூறு வருடங்களுக்கு மேற்பட்ட கதை. அதில் ஒரு நீதிமன்றத் தீர்ப்புக்கும் பெரிய பங்கு இருக்கிறது.

*

1907 இல் நியூயோர்க்கின் கலெம் என்ற படக் கம்பனி 'பென்ஹர்' நாவலைப் படமாக்கியது. லூ வொலஸ் எழுதி 1880 இல் வெளிவந்த, அமெரிக்காவில் வீட்டுக்கு வீடு தெரிந்த நாவல் அது. கம்பனியின் நடிகையும் எழுத்தாளருமான ஜீன் கோன்ரியே திரைக்கதை எழுதினார். அந்தப் பெரிய நாவல் கால் மணித்தியாலப் படமாகச் சுருங்கியது. எவரிடமும் அனுமதி கேட்கவில்லை. அன்றைக்கு எவரும் கேட்பதில்லை. நாவலோ நாடகமோ, கைக்கு அகப்பட்டதை எடுத்துப் படம்பிடிப்பதுதான் வழக்கம்.

நாவலின் பதிப்பாளர்களான ஹார்ப்பர் சகோதரர்கள் வழக்குப் போட்டார்கள். 1911 இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் கலெம் கம்பனிக்கு எதிராகத் தீர்ப்பளித்தது. தீர்ப்பை எழுதியவர் நீதியரசர் ஹோம்ஸ். கம்பனி 25,000 டொலர் கொடுக்கவேண்டி வந்தது. உரிமையுள்ள ஒரு நூலைப் படமாக்குவதானால் இனி அதற்கு விலை கொடுத்தாகவேண்டும்.

ஆனால் படங்களுக்கான பசி குறையவில்லை. ஐந்து சதக் கொட்டகைகள் நாளாந்தம் படத்தை மாற்றிக்கொண்டிருந்த காலம் அது. ஒவ்வொரு கம்பனிக்கும் வாராவாரம் புதுக் கதைகள் வேண்டும். புத்தகங்களுக்கோ விலை வந்துவிட்டது. எனவே ஏற்கெனவே வெளியாரிடம் கதை வாங்கிவந்த கம்பனிகள் இப்போது இன்னும் மும்முரமாகப் பொதுசனங்களின் பக்கம் திரும்பின. உங்கள் கதையை எங்களுக்கு அனுப்புங்கள் என்று சஞ்சிகைகளில் விளம்பரங்கள் வந்தன.

படங்கள் மௌனமாக இருந்ததும் இதற்கு உதவியது. வசனம் எழுதத் தேவையில்லை. காட்சிகளை வரிசைப்படுத்தி, இடையில் காட்டும் எழுத்து அட்டைகளுக்குச் சில வரிகள் எழுதினால் போதும். இதைக் கற்பிக்கப் புத்தகங்கள் வந்தன. எப்ஸ் வின்த்ரொப் சார்ஜென்ட் என்பவர் 'மூவிங் பிக்சர் வேர்ல்ட்' சஞ்சிகையில் இதற்கென்றே ஒரு பத்தி நடத்தினார். தபால்மூலப் பாடசாலைகள் முளைத்தன. எழுதத் தெரியவேண்டாம், கருத்து இருந்தால் போதும் என்று அவை ஆசைகாட்டின. எழுதுவினைஞர்களும் ஆசிரியைகளும் வீட்டுப் பெண்களும் வேலை முடிந்த இரவுகளில் கதை எழுதித் தபாலில் போட்டார்கள்.

அப்படிப் போட்டவர்களில் ஒருத்தி அனிதா லூஸ். கலிபோர்னியாவிலிருந்து நியூயோர்க்கின் பயோகிராஃப் கம்பனிக்குக் கதைகளை அனுப்பினார். அவற்றில் ஒன்று 'நியூயோர்க் தொப்பி'. சாகும் தறுவாயிலுள்ள ஒரு தாய், தன் மகளுக்கு அவ்வப்போது சின்னச் சின்ன ஆசைப் பொருட்கள் வாங்கிக் கொடுக்கும்படி பாதிரியாரிடம் கொஞ்சக் காசு ஒப்படைத்துவிட்டுப் போகிறாள். அவர் அந்தப் பெண்ணுக்கு ஒரு விலையுயர்ந்த தொப்பி வாங்கிக் கொடுக்கிறார். ஊர்வாய் இருவரையும் இணைத்துக் கதை கட்டுகிறது. அவ்வளவுதான் கதை. டி. டபிள்யூ. கிரிஃபித் இயக்கி, மேரி பிக்ஃபோர்ட் நடித்து, 1912 டிசம்பரில் படம் வெளிவந்தது. லூஸுக்குக் கிடைத்தது 25 டொலர். பின்னர் அவர் ஹொலிவூட்டின் பெயர்பெற்ற எழுத்தாளராக வளர்ந்தார்.

பணத்தொகை பெரிதாகப் போட்டிகளும் பெரிதாகின. 1914 இல் தான்ஹவுசர் கம்பனி 'மில்லியன் டொலர் மர்மம்' என்ற தொடர்படத்தை முடிவில்லாமல் வெளியிட்டு, நூறு சொற்களில் நல்ல முடிவு எழுதுபவருக்கு 10,000 டொலர் என்று அறிவித்தது. வென்றவர் சென்ட் லூயிஸ் நகரின் அலுவலகப் பணிப்பெண் ஐடா டேமன்.

அடுத்த போட்டியின் முடிவு வேறுமாதிரி. 'சிக்காகோ ட்ரிபியூன்' பத்திரிகையோடு சேர்ந்து அறிவிக்கப்பட்ட 10,000 டொலர் பரிசு, 'வானத்திலிருந்து வந்த வைரம்' என்ற கதைக்குப் போனது. 1915 இல் அதுவும் தொடர்படமாக வந்தது. எழுதியவர் ரோய் மக்கார்டெல். இவர் ஒரு பத்திரிகையாளர். அதற்குப் பல வருடங்கள் முன்பே பயோகிராஃப் கம்பனியில் சம்பளத்துக்குக் கதை எழுதியவர். சினிமாவுக்குச் சம்பளத்தில் அமர்த்தப்பட்ட முதல் எழுத்தாளர் என்று வரலாறுகள் குறிப்பிடுவது இவரைத்தான். ஊரெல்லாம் எழுதிப்போட்ட போட்டியில் வென்றவர், தொழிலின் முதல் ஆள்!

கதவு சாத்தப்படத் தொடங்கிவிட்டது. படங்கள் நீண்டன. கம்பனிகள் நிரந்தர எழுத்தாளர்களை அமர்த்தின. பெயர்பெற்ற நாவல்களை விலைக்கு வாங்கக்கூடிய வசதியும் வந்துவிட்டது. என் கதையைத் திருடிவிட்டார்கள் என்று வெளியாட்கள் வழக்குப் போடத் தொடங்கியதும், வந்த தபால்களை உறை பிரிக்காமலே திருப்பி அனுப்பினார்கள். பிரித்தால்தானே படித்தாய் என்று குற்றஞ்சாட்ட முடியும்? தபால்மூலப் பாடசாலைகள் மட்டும் தொடர்ந்து கட்டணம் வாங்கின. அவற்றில் பேர்போன பால்மர் நிறுவனம் லொஸ் ஏஞ்சல்ஸில் தொடங்கியதே 1918 இல்தான்.

*

இதில் ஆச்சரியப்பட எனக்கு ஒன்றுமில்லை. சமையலறையின் பின்கதவும் இப்படித்தான். நத்தார் நெருங்கி, கழுவ ஆளில்லாதபோது 'கார்ட் இருக்கிறதா' என்று கேட்கமாட்டார்கள். தை பிறந்ததும் கேட்பார்கள். ஆனாலும் திறந்திருந்த அந்தச் சில வருடங்களில் ஓர் அனிதா லூஸ் உள்ளே போய்விட்டாள் என்பதையும் மறுக்க முடியாது.

வேறொன்றுதான் என்னை உறுத்தியது. எனது முதல் 'திரைக்கதை' இந்த ஐந்து பக்கங்கள் அல்ல. 2012 இல் இங்கு வந்தபோது, எல்லோரையும் போல நானும் கேஸ் எழுதுபவரிடம் போனேன். 1995 இடப்பெயர்வில் அம்மம்மா தன் தையல் மெசினைக் கிணற்றடியில் புதைத்துவிட்டு வந்ததிலிருந்து சொல்லத் தொடங்கினேன். அவர் பேனையை மூடிவைத்தார்.

"தம்பி, உம்மட கதை சரியான சிக்கல். மெசினெல்லாம் அவங்களுக்கு என்னத்துக்கு? நான் ஒழுங்காப் போட்டுத் தாறன்."

"சரி அண்ணை" என்றேன். வேறென்ன சொல்ல? நூற்றைம்பது யூரோ. கையில் கிடைத்த பக்கங்களில் அம்மம்மா இருக்கவில்லை. எனக்கு முன் வரிசையில் இருந்தவருக்கு அவர் வாசித்துக் காட்டிய வசனங்கள் சில இருந்தன.

2015 இல் கான் விழாவில் 'தீபன்' படம் தங்கப் பனை விருது பெற்றபோது நாங்கள் எல்லோரும் மகிழ்ந்தோம். முதன்மைப் பாத்திரத்தில் நடித்தவர் எங்கள் எழுத்தாளர் ஷோபாசக்தி. திரைக்கதை எழுதியவர்கள் இயக்குநர் ஜாக் ஓடியாரும் இரு பிரெஞ்சுக்காரர்களும். அதைக் குற்றமாகச் சொல்லவில்லை. நன்றாகவே எழுதினார்கள். ஆனால் எங்கள் கதையைக் கேஸ் எழுதுபவரிடமோ வேறெவரிடமோ எழுதக் கொடுத்தே பழகிவிட்டோமோ என்று அன்றைக்கும் யோசித்தேன்.

ஆகவே அந்தச் சீட்டு கையில் விழுந்தபோது எனக்கு வேறு கதை தோன்றவில்லை. கேஸ் எழுதுபவரின் காத்திருக்கும் அறை. வெளியே மழை. ஒரே குடையில் வந்த ஏழு பேர். ஒவ்வொருவராக உள்ளே போய் வருகிறார்கள். வெளியே வந்து வாசித்துப் பார்த்தால் ஏழு பேருக்கும் ஒரே பிறந்த ஊர், ஒரே தகப்பன், ஒரே தழும்பு. கடைசியில் ஏழு பேரும் சகோதரர்கள் என்று முடிவுசெய்து அதே குடையில் திரும்பிப் போகிறார்கள்.

பரிசு கிடைக்கவில்லை. ஆனால் உறையைப் பிரித்துப் படித்திருந்தார்கள். ஓரத்தில் பென்சிலால் ஒரு குறிப்பு இருந்தது: சிரிக்க வைக்கிறது, ஆனால் இப்படி நடக்கும் என்று நம்ப முடியவில்லை.

நண்பர்களுக்கு வாசித்துக் காட்டினேன். அவர்கள் நம்பினார்கள். ஒருவன் தன்னிடமிருந்த பக்கங்களையே எடுத்து வந்து காட்டினான். அந்த ஐந்து பக்கங்களிலும் நான் கற்பனையாகச் சேர்த்தது அனேகமாகக் குடை மட்டும்தான்.

இந்த மாரியிலும் சீட்டு எடுக்கப் போகிறேன். எந்த இடம் விழுந்தாலும் சரி, இம்முறை தையல் மெசின் உள்ளே வரும்.