தரங்கம்பாடிப் பனையும் பனையேறிக் கெண்டையும்

பனையேறிக் கெண்டை என்று தமிழில் வழங்கும் சிறு நன்னீர் மீன், மரமேறும் மீன் என்று ஐரோப்பாவில் புகழ் பெற்றதற்கு, 1620 முதல் 1845 வரை டேனியர் வசமிருந்த தரங்கம்பாடியிலிருந்து சென்ற கடிதம் ஒன்றே பெருங்காரணம். அங்குப் பணிபுரிந்த படை அதிகாரி டால்டோர்ஃப், 1791 நவம்பரில் குளத்தங்கரைப் பனையின் பட்டைப் பிளவொன்றில், நீர்மட்டத்திற்கு மேல் ஏறத்தாழ ஐந்தடி உயரத்தில், இம்மீனைத் தம் கையால் பிடித்ததாகவும், அது விரிந்த செவுள்மூடியின் முட்களால் மரத்தைப் பற்றி, வாலை அசைத்து, அடித்துடுப்பின் முட்களை ஊன்றி இன்னும் மேலே ஏற முயன்றதாகவும் எழுதினார். 1797இல் லண்டன் லின்னேயக் கழகம் அதை வெளியிட, ஒரு மீன், ஒரு மரம் என்ற அளவில் நின்ற செய்தி, நூலுக்கு நூல் தாவி, இம்மீனின் இயல்பாகவே நிலைபெற்றுவிட்டது.

உண்மையில் வியப்புக்குரியது அதன் மூச்சுதான். குளம், வாய்க்கால், நெல்வயல் ஆகிய தேங்குநீர் இடங்களே இதன் வாழிடம். கோடையில் அந்நீரில் உயிர்வளி குறைந்துவிடும். செவுள்களுக்கு மேல், தலையின் இருபுறமும் உள்ள அறைகளில், குருதிநாளங்கள் செறிந்த சவ்வு போர்த்திய மடிப்பு மடிப்பான எலும்புத் தகடுகள் இதற்கு உண்டு. 'லாபிரிந்த் உறுப்பு' எனப்படும் இவற்றால், மீன் நீர்ப்பரப்புக்கு வந்து விழுங்கும் காற்றிலிருந்து நேரடியாக உயிர்வளியைப் பெறுகிறது. ஆகவே குளம் வற்றினால் ஈரச்சேற்றில் புதைந்து கிடக்கவும், மழை பெய்ததும் செவுள்மூடிகளை மாறி மாறி ஊன்றி, வாலால் உந்தி, தரைவழியே வேறு நீர்நிலைக்குச் செல்லவும் இதனால் முடிகிறது. குறைந்த நீருள்ள பானையில் உயிரோடு சந்தைக்குக் கொண்டுவர முடிவதும் இதனாலேயே. வங்காளத்தில் 'கொய்' என விரும்பி உண்ணப்படுவது இம்மீனே.

காற்றைச் சுவாசிக்கும் இந்திய மீன்களை ஆராய்ந்து 1927இல் எழுதிய தாஸ், காகங்களும் பருந்துகளும் பிடித்துச் சென்று மரக்கிளைகளில் விட்டவையே பின்னர் ஏறியவையாகக் கருதப்பட்டன என்று விளக்கினார். மரக்கிளைகளில் கிடந்த மீன்களுக்கு இவ்விளக்கம் பொருந்தும்; ஐந்தடி உயரத்தில் ஏறிக்கொண்டிருந்த மீனுக்கு அவ்வளவாகப் பொருந்தவில்லை. டால்டோர்ஃப் பொய் எழுதினார் என்று கொள்ள வேண்டியதில்லை; ஆனால் அவர் கண்ட ஒரு நிகழ்வைக் கொண்டு மரமேறுவதே இம்மீனின் வழக்கம் என்று எழுதுவது தகாது.