தண்ணீரூற்றும் பதகளிப்பும்

பதகளிப்பைத் தனிமனிதனின் கோழைத்தனம் என்பாரோடு நாம் உடன்படோம். அதற்கும் ஒரு சரித்திரம் உண்டு.

தமிழரும் முஸ்லிம்களும் அயலவராய் வாழ்ந்த ஊர், முல்லைத்தீவின் தண்ணீரூற்று. 1990 அக்டோபரில் விடுதலைப் புலிகள் வடமாகாண முஸ்லிம்களை வெளியேற்றினர், இவ்வூராரும் தப்பவில்லை. அகதிகளிற் பெரும்பாலோர் புத்தளத்து ஓலைக் கொட்டில்களில் ஒதுங்கினர். ஏறத்தாழ 20 ஆண்டுகளின் பின் அவர்களிடையே நடந்த ஆய்வொன்று சிந்திக்கத் தக்கது: பதகளிப்பு நோய் கண்டோர் நூற்றுக்கு இருவரிலும் குறைவு, காரணம் புலப்படாத உடல்நோவால் வருந்தியோரோ நூற்றுக்குப் பதினால்வர்! வாய் சொல்லாத அச்சத்தை உடல் சொல்லிற்று என்றே நாம் கருதுகிறோம். மருந்துச் சீட்டில் அந்த அக்டோபரை யார் எழுதுவார்?

2009இல் இவ்வூர்த் தமிழர் பலரும் மெனிக் பாம் முள்வேலிக்குள் அடைபட்டனர். குண்டுவீச்சு நின்ற பின்னும், வானில் இரைச்சல் எழுந்தால் நெஞ்சு படபடத்தது. பதுங்குகுழிக்கு விரட்டி உயிர்காத்த அதே படபடப்பு.