பேட்டி: கேள்வியும் பதிலும் அச்சேறிய வரலாறு

இன்று பேட்டி இல்லாத பத்திரிகையைக் காண்பது அரிது. ஆயினும் இதழியல் வடிவங்களில் இது காலத்தால் பிந்தியது. 19ஆம் நூற்றாண்டின் தொடக்கம் வரை பத்திரிகைகள் மேடைப் பேச்சுகளையும் மன்ற விவாதங்களையும் கடிதங்களையும் வெளியிட்டு வந்தன. ஒருவரைத் தேடிச் சென்று கேள்வி கேட்டு, அவர் சொன்னதைச் சொன்னபடியே அச்சிடும் வழக்கம் அமெரிக்காவில் வேரூன்றியது. அச்சில் வரும் சொற்களுக்குப் பொறுப்பாளி யார், சொன்னவரா, எழுதியவரா என்ற வழக்கும் அதனுடனேயே தொடங்கியது. பேட்டியைப் போற்றியவர்களையும் தூற்றியவர்களையும் பிரித்தது இந்த வழக்கே.

1836 ஏப்ரலில் நியூயார்க்கில் ஹெலன் ஜூவெட் என்ற பெண் கொலை செய்யப்பட்டார். ‘நியூயார்க் ஹெரால்டு’ ஆசிரியர் ஜேம்ஸ் கோர்டன் பென்னட், ஜூவெட் வாழ்ந்த விடுதியை நடத்தியவரிடம் விசாரித்து, அந்த உரையாடலைக் கேள்வி பதிலாக வெளியிட்டார். அப்படி ஓர் உரையாடல் நடந்ததா என்று போட்டிப் பத்திரிகைகள் சந்தேகம் கிளப்பின. 1859 ஜூலை 13 அன்று ‘நியூயார்க் டிரிப்யூன்’ ஆசிரியர் ஹோரஸ் கிரீலி, சால்ட் லேக் நகரில் மார்மன் சமயத் தலைவர் பிரிகாம் யங்கைச் சந்தித்தார். உரையாடல் சுமார் இரண்டு மணி நேரம் நீடித்தது. அடிமை முறை பற்றியும் பலதார மணம் பற்றியும் கிரீலி ஒளிவுமறைவின்றிக் கேட்டார். தமக்கு மனைவியர் 15 பேர் என்று யங் சொன்னதும் ஆகஸ்ட் 20 இதழில் அப்படியே வெளிவந்தது. முழுமையான முதல் பேட்டி என்று பலரும் இதையே குறிப்பிடுகின்றனர். சில ஆண்டுகளில் அதிபர் ஆண்ட்ரூ ஜான்சனும் தம் தரப்பு வாதத்தை மக்களிடம் கொண்டுசேர்க்க நிருபர் ஜோசப் மெக்கல்லாவுக்குப் பேட்டிகள் அளித்தார்.

பேட்டிக்கு எழுத்தாளர்களிடமிருந்து எதிர்ப்பு வலுவாக வந்தது. பேசும்போது குரலும் முகபாவமும் சேர்ந்து பொருள் தருகின்றன. அச்சில் அவை உதிர்ந்து வெற்றுச் சொற்களே எஞ்சுகின்றன என்று மார்க் ட்வைன் கருதினார். 1892இல் அமெரிக்காவின் வெர்மான்ட் மாநிலத்தில் தம்மைத் தேடி வந்த நிருபர்களுக்குப் பேட்டி தர மறுத்த ருட்யார்ட் கிப்ளிங், பேட்டி எடுப்பதே ஒழுக்கக்கேடு என்றார். அதே கிப்ளிங், அலகாபாத் ‘பயனியர்’ இதழுக்குப் பயணக் கட்டுரைகள் எழுதிவந்த 1889இல், எல்மைரா நகருக்குத் தேடிச் சென்று மார்க் ட்வைனைப் பேட்டி கண்டவர்.

பிரிட்டனில் பேட்டிக்குச் செல்வாக்குத் தேடித் தந்தவர் ‘பால் மால் கெஜட்’ ஆசிரியர் டபிள்யூ. டி. ஸ்டெட். 1884 ஜனவரி 8 அன்று சவுத்தாம்ப்டனில் ஜெனரல் கோர்டனிடம் சூடான் நிலவரம் பற்றிக் கேட்டறிந்து மறுநாளே வெளியிட்டார். கோர்டனையே அங்கு அனுப்ப வேண்டும் என்ற குரல் நாடெங்கும் எழுந்தது. பத்து நாட்களுக்குள் அவர் புறப்பட்டார். 1885 ஜனவரி 26 அன்று சூடானின் கார்ட்டூமில் கொல்லப்பட்டார். அரசின் முடிவையே அசைக்கும் வலிமை பேட்டிக்கு உண்டு என்பதை இந்நிகழ்வு காட்டியது. பிரான்சில் 1886இல், நூறு வயதை எட்டிய வேதியியலர் செவ்ரலுடன் நாடார் என்னும் புகைப்படக் கலைஞர் நடத்திய உரையாடல் தொடர் படங்களுடன் வெளிவந்தது. அங்கே 1891இல் பத்திரிகையாளர் ஜூல் யுரே 64 எழுத்தாளர்களைச் சந்தித்து, இலக்கியம் செல்லும் திசை பற்றிக் கேட்டுத் தொடராக எழுதினார்.

இந்தியர்களுக்குப் பேட்டி எதிர்வாதம் செய்யும் கருவியாகவும் பயன்பட்டது. 1896 அக்டோபரில் சென்னை பச்சையப்பன் மண்டபத்தில் காந்தி, தென்னாப்பிரிக்காவின் நேட்டாலில் வாழ்ந்த இந்தியர்களின் துயரை எடுத்துரைத்தார். அவர் தங்களை இழிவுபடுத்திவிட்டதாக நேட்டால் வெள்ளையர் கொதித்தனர். 1897 ஜனவரி 13 அன்று டர்பன் துறைமுகத்தில், கப்பலை விட்டு இறங்குவதற்கு முன்பே, ‘நேட்டால் அட்வர்டைசர்’ நிருபரிடம் குற்றச்சாட்டுகளுக்கு ஒவ்வொன்றாக அவர் பதில் சொன்னார். கரையில் கூட்டம் அவரைத் தாக்கியது. ஆனால் அந்தப் பேட்டியும், தாக்கியவர்கள்மீது வழக்குத் தொடர அவர் மறுத்ததும் வெள்ளையர்களையே வெட்கப்பட வைத்தன என்று தன்வரலாற்றில் எழுதுகிறார். அடுத்த மாதம், மேலைநாடுகளிலிருந்து திரும்பிய விவேகானந்தரை ‘தி இந்து’ நிருபர் செங்கல்பட்டு ரயில் நிலையத்தில் சந்தித்து, சென்னை வரை அதே ரயிலில் உடன் பயணித்துப் பேட்டி கண்டார்.

20ஆம் நூற்றாண்டில் பொறுப்பு யாருடையது என்ற வழக்குக்கு இருவகைத் தீர்வுகள் வந்தன. 1953இல் ஆங்கில நாவலாசிரியர் ஈ. எம். ஃபாஸ்டருடனான உரையாடலோடு தொடங்கிய ‘பாரிஸ் ரிவியூ’ இலக்கிய இதழின் பேட்டிகளில், எழுத்தாளரே தம் பதில்களைத் திருத்தித் தரும் முறை நிலைபெற்றது. பேட்டியை அஞ்சிய எழுத்தாளர்களுக்கு அது நம்பிக்கை அளித்தது. அரசியல் பேட்டி வேறு திசையில் சென்றது. ஒலிப்பதிவுக் கருவி வந்தபின், சொன்னதைச் சொல்லவில்லை என்று மறுப்பது கடினமானது. 1972இல் இத்தாலியப் பத்திரிகையாளர் ஒரியானா ஃபலாச்சிக்கு அளித்த பேட்டியே பத்திரிகையாளர்களுடன் தாம் நடத்தியவற்றுள் மிக மோசமான உரையாடல் என்று அமெரிக்க ராஜதந்திரி ஹென்றி கிஸ்ஸிங்கர் பின்னாளில் நொந்துகொண்டார். 1959இல் பிபிசி தொடங்கிய ‘ஃபேஸ் டு ஃபேஸ்’ நிகழ்ச்சியில் ஜான் ஃப்ரீமன் கேள்வி கேட்க, கேமரா பெரும்பாலும் விருந்தினரின் முகத்தையே காட்டியது. அச்சில் உதிர்வதாக மார்க் ட்வைன் சொன்ன குரலும் முகபாவமும் இவ்வாறு பேட்டியின் பகுதியாகின. கேட்பவர் திரித்துவிடுவார் என்ற பழைய அச்சம் இதனால் குறைந்தது. ஆனால் தயக்கமும் தடுமாற்றமும்கூடப் பதிவாகிவிடும் என்ற புதிய அச்சம் பதில் சொல்பவரைச் சேர்ந்தது.