ரஃஆத் மீனும் மின்சிகிச்சையும்

மருத்துவ வரலாறு குறித்து நம்மவர் ஆற்றும் உரைகளில் ஒரு செய்தி அடிக்கடி இடம்பெறுகின்றது: மின்மீனுக்கு மின்னலின் பெயரைச் சூட்டிய அரபியரே மின்சாரத்தை முதலில் அறிந்தவர்கள், அம்மீனைக் கொண்டு அவர்கள் மனநோயையும் குணப்படுத்தினர் என்பது அது. செவிக்கு இனிய செய்திதான். எனினும் அதனை நிறுத்துப் பார்த்தல் நம் கடன்.

முதலில் பெயரைக் காண்போம். நைல் நதியின் மின்கெளுத்தியை அரபியர் ‘ரஃஆத்’ என்றழைத்தனர். திருக்குர்ஆனின் 13ஆம் அத்தியாயத்தை ஓதுவோர் அறிவர்: ‘ரஃது’ என்பது இடி, மின்னலுக்குரிய சொல் ‘பர்க்’. அதே வேரிலிருந்து பிறந்த ‘இர்தஅத’ என்னும் வினைக்கு நடுங்கினான் என்பது பொருள். தொட்டவரை நடுங்கச் செய்வதால் அப்பெயர் அமைந்தது எனக் கொள்வதே பொருத்தம். கி.பி. 1200ஐ ஒட்டி எகிப்தில் வாழ்ந்த அப்துல் லத்தீஃப் அல்பக்தாதீயும் அந்நடுக்கத்தையே விவரித்துள்ளார்.

அடுத்து மருத்துவம். கி.பி. முதல் நூற்றாண்டில் உரோமாபுரியின் ஸ்கிரிபோனியஸ் லார்கஸ் தலைவலிக்கு மின்திருக்கையைப் பரிந்துரைத்தார். பின்னர் ஜாலீனூஸ் அதனைச் சோதித்து, உயிருள்ள மீனே வலியைத் தணித்தது என்றார். 1248இல் மறைந்த இப்னுல் பைத்தார் இதனை ஜாலீனூஸின் பெயர் சுட்டியே எடுத்தெழுதினார். ஆக, இச்செய்தியின் மூலம் கிரேக்கம். அது பேசும் நோய் தலைவலியேயன்றி மனச்சோர்வன்று.

நமக்குரிய பெருமை வேறோரிடத்தில் உள்ளது. அபூபக்ர் அர்ராஸீ, மூளை அழற்சியின் அறிகுறி கண்டோரில் ஒரு சாராருக்குக் குருதி வாங்கினார். மற்றொரு சாராரை வேண்டுமென்றே அவ்வாறு செய்யாது விட்டு, இரண்டையும் ஒப்பிட்டார். இச்செய்தி அவரது ‘அல்ஹாவீ’யில் உள்ளது. அவர் கண்ட முடிவு இன்று நமக்கு உதவாது. அவர் கையாண்ட முறை உதவும்.

அம்முறையை இன்றைய கருவிகளுக்குப் பொருத்துவோம். 1938இல் உரோமில் செர்லெட்டியும் பினியும் மின்னதிர்ச்சிச் சிகிச்சையைத் தொடங்கினர். மின்சாரம் செலுத்தாத போலிச் சிகிச்சையுடன் அதனை ஒப்பிட்ட 6 ஆய்வுகள், 256 நோயாளரைக் கொண்டவை, 2003இல் ‘லான்செட்’ இதழில் தொகுத்து ஆராயப்பட்டன. மனச்சோர்வில் மெய்ச் சிகிச்சையே மேம்பட்டிருந்தது. மறதி அதன் தீங்கு. மயக்க மருந்தும் தசைத் தளர்த்தியும் இன்றி அதனை அளிப்பதை இந்தியாவின் 2017ஆம் ஆண்டு மனநலச் சட்டம் தடை செய்துள்ளது.

மென்மின்னோட்டக் கருவிகளின் நிலை வேறு. 2017இல் பிரேசிலில் 245 பேரிடம் நடந்த ஆய்வு, இக்கருவி மாத்திரைக்குக் குறைந்ததன்று என நிறுவவில்லை. 2023இல் ஜெர்மனியில் 160 பேரிடம், மாத்திரையுடன் சேர்த்தளித்தபோதும் அது போலிக் கருவியை விஞ்சவில்லை. 2024இல் வெளியான ஆய்விலோ, வீட்டிலேயே பயன்படுத்திய 174 பேரில் மெய்க்கருவி பெற்றோர் மேம்பட்டனர். சான்றுகள் முரண்படுகின்றன. காதுமடலில் கவ்வும் மற்றொரு வகைக் கருவியை மனச்சோர்வுக்கென விற்க, அதன் பயனையும் பாதுகாப்பையும் முன்கூட்டியே மெய்ப்பிக்க வேண்டும் என அமெரிக்க மருந்து நிர்வாகம் 2019இல் ஆணையிட்டது.

‘ஷாக்’ என்னும் சொல்லுக்கு அஞ்சி, சான்றுள்ள சிகிச்சையைத் தவிர்த்து, விளம்பரக் கருவியை நாடும் குடும்பங்கள் உண்டு. உயிருக்கே ஊறு செய்யவல்ல நோயில் அத்தாமதம் சிறிதன்று. முன்னோர் செய்யாததை அவர்மேல் ஏற்றிப் புகழ்தலும், மெய்ப்பிக்கப்படாததை நோயாளியிடம் விற்றலும் ஒரே பிழையின் இரு முகங்கள். சொன்னவர் யார், எதனோடு ஒப்பிட்டார் என வினவுதலே ராஸீக்கு நாம் செய்யும் மரியாதை.