இரவில் எழும் புழு – அத்தியாயம் 6: கதர் சட்டை, பருத்தி எலி, உப்பு மூட்டை

சென்ற வாரம்: 1877-ல் சீனத்தின் அமாய் துறைமுகத்தில் பாட்ரிக் மேன்சன் என்ற டாக்டர், தன் தோட்டக்காரரின் ரத்தம் குடித்த கொசுக்களை ஒவ்வொன்றாக அறுத்துப் பார்த்தார். யானைக்கால் நோயின் புழு கொசுவின் உடலுக்குள் வளர்வதைக் கண்டார். எதிரி யாரென்று தெரிந்துவிட்டது. அவனை அடிக்க ஆயுதம் கிடைக்க மட்டும் எழுபது ஆண்டுகள் பிடித்தன. இனி…

புதுச்சேரியின் முத்தியால்பேட்டையைத் தாண்டி வடக்கே போனால் கோட்டக்குப்பம். ஒரு காலத்தில் பிரெஞ்சுக்காரர் ஆட்சிக்கும் ஆங்கிலேயர் ஆட்சிக்கும் நடுவிலிருந்த எல்லை. இன்று புதுச்சேரிக்கும் தமிழ்நாட்டுக்கும் எல்லை. வீடுகள் இடைவெளி இல்லாமல் தொடர்கின்றன. சாக்கடைகளும் அப்படித்தான். யானைக்காலைப் பரப்பும் க்யூலெக்ஸ் கொசு வளர்வது அந்தச் சாக்கடையிலும் மூடாத கழிவுத் தொட்டியிலும். இன்னும் வடக்கே, மரக்காணத்து உப்பளப் பாத்திகளில் முற்றிக் கிடக்கும் உப்புநீரில் அது பிழைக்காது. கடற்கரையில் இருப்பவனுக்கு யானைக்கால் வருவது கடலால் என்று நம்பிய தலைமுறைகள் உண்டு. கடல்மேல் பழி போட்டுவிட்டுக் கொல்லைப்புறத்தை யாரும் பார்க்கவில்லை.

இந்தக் கரையில் யானைக்கால் பரிசோதனைக்காரர்கள் பகலில் வந்து பயனில்லை. இரவு எட்டரை மணிக்கு மேல், ஊர் சாப்பிட்டு முடித்துப் பாய் விரிக்கும் நேரத்தில் டார்ச் விளக்கோடு வருவார்கள். விரல் நுனியில் ஊசியால் ஒரு குத்து. கண்ணாடித் துண்டில் ரத்தத்தைக் கனமாகப் பூசி, எண் எழுதி, காய வைப்பார்கள். மறுநாள் அதைத் தண்ணீரில் நனைத்துச் சிவப்பைப் போக்கி, சாயம் ஏற்றி, நுண்ணோக்கியில் வைத்தால் தெரியும்: கால் மில்லிமீட்டருக்குச் சற்றுக் கூடுதல் நீளம், மெல்லிய உறைக்குள் வளைந்து கிடக்கும் ஒரு இழை. நுண் ஃபைலேரியா. பகலெல்லாம் நுரையீரலின் ரத்தக் குழாய்களில் ஒளிந்திருந்து, கொசு கடிக்கும் இரவு வேளையில் மட்டும் மேல் ரத்தத்துக்கு வருகிறது. இதன் தாய்ப்புழு எட்டு, பத்து சென்டிமீட்டர் நீளம். நிணநீர்க் குழாய்க்குள் சுருண்டபடி ஐந்தாறு ஆண்டுகள் குட்டி போட்டுக்கொண்டே இருக்கும்.

ரத்தம் கொடுத்தவர் தூங்கப் போய்விடுவார். அவருக்கு ஒரு நோவும் இல்லை. கால் வீங்கவில்லை. அக்குளிலோ தொடையிடுக்கிலோ நெறி கட்டிக் குளிர் காய்ச்சல் வந்ததும் இல்லை. ஆனால் பக்கத்து வீட்டுப் பிள்ளையின் கால் பத்து ஆண்டு கழித்து வீங்குமா, வீங்காதா என்பது இவர் ரத்தத்தில் இருக்கிறது.

இவருக்குக் கொடுக்க ஒரு மாத்திரை வேண்டும். அதைச் செய்தவர் சென்னை மருத்துவக் கல்லூரி முழுப் பட்டம் கொடுக்க மறுத்த ஒரு மாணவர்.

எல்லாப்பிரகட சுப்பாராவ், 1895-ல் ஆந்திரத்துப் பீமவரத்தில் பிறந்தவர். சென்னையில் மருத்துவம் படித்தார். காந்தி அழைத்தார் என்று அறுவைச் சிகிச்சை வகுப்புக்கும் கதர் அங்கியோடு போனார். வெள்ளைக்காரப் பேராசிரியருக்கு அது பொறுக்கவில்லை. எழுத்துத் தேர்வில் நன்றாகவே எழுதியிருந்தும் எம்.பி.பி.எஸ். கிடைக்கவில்லை, அதற்கு ஒரு படி கீழான எல்.எம்.எஸ். பட்டத்தோடு வெளியே வந்தார். அரசு வேலைக் கதவு அடைபட்டது. சென்னையில் ஆயுர்வேதக் கல்லூரி ஒன்றில் பாடம் நடத்தினார்.

அதற்குள் வீட்டில் பேரிடி. ஸ்ப்ரூ என்ற குடல் நோய் அவருடைய சகோதரர்கள் இருவரை அடுத்தடுத்துக் கொண்டுபோனது. சாப்பிடுவது எதுவும் உடம்பில் ஒட்டாமல் ஆளை உருக்கும் நோய் அது. சுப்பாராவையும் அது பிடித்தது. ஆயுர்வேத வைத்தியத்தில் தேறினார். அந்த நோய்க்கு மருந்து கண்டுபிடிக்காமல் விடுவதில்லை என்ற வைராக்கியத்தோடு, 1920-களின் தொடக்கத்தில் மாமனார் வீட்டு உதவியில் கப்பல் ஏறினார். பாஸ்டனில் ஹார்வர்டின் வெப்பமண்டல மருத்துவப் பள்ளியில் இடம் கிடைத்தது. செலவுக்குப் பணம் இல்லை. பகலில் படிப்பு, இரவில் ஒரு மருத்துவமனையில் நோயாளிகளின் மலத்தட்டு கழுவும் வேலை. மனைவியை ஊரில் விட்டுப் போனவர் ஒருநாளும் திரும்பி வரவில்லை.

1925-ல் சைரஸ் ஃபிஸ்கேவுடன் சேர்ந்து, ரத்தத்தில் பாஸ்பரஸை அளக்கும் முறையை வெளியிட்டார். உயிர்வேதியியல் மாணவர்கள் இன்றும் அவர் பெயரை முதலில் கேட்பது அந்தப் பாடத்தில்தான். தசைக்கு வலு தரும் ஏ.டி.பி.யைக் கண்டுபிடித்ததிலும் அவருக்குப் பங்குண்டு. இருந்தும் ஹார்வர்ட் அவருக்கு நிரந்தரப் பதவி தரவில்லை. 1940-ல் நியூயார்க் அருகே பேர்ல் ரிவரில் இருந்த லெடர்லே மருந்து ஆய்வகத்துக்குப் போனார்; விரைவிலேயே அதன் ஆராய்ச்சி இயக்குநரானார். அங்கே அவருடைய குழு ஃபோலிக் அமிலத்தைச் செயற்கையாகத் தயாரித்தது. ஸ்ப்ரூ நோயாளிகளைத் தேற்றிய பொருள் அது. சகோதரர்கள் இறந்து கால் நூற்றாண்டுக்குப் பிறகு, அவர்களுக்குக் கொடுத்திருக்க வேண்டிய மருந்து அவர் மேசைக்கு வந்து சேர்ந்தது. இந்த இடத்தை எழுதும்போது எனக்கு மனம் கனக்கிறது.

அங்கேயும் அவர் நிற்கவில்லை. ஃபோலிக் அமிலத்தைப் போலவே உருவம் காட்டி உயிரணுவை ஏமாற்றும் பொருள்களைச் செய்யச் சொன்னார். அப்படிப் பிறந்த அமினோப்டெரினைக் கொண்டு பாஸ்டனில் சிட்னி ஃபார்பர் 1947-48-ல் குழந்தைகளின் ரத்தப் புற்றுநோயைத் தற்காலிகமாகவேனும் அடக்கிக் காட்டினார். அதன் அடுத்த வாரிசு மெத்தோட்ரெக்சேட். முடக்குவாதத்தில் மூட்டு வீங்கியவர்களும் சோரியாசிஸ்காரர்களும் இன்று வாரம் ஒரு முறை விழுங்குகிறார்களே, அந்த மாத்திரைதான். யானைக்கால் தொற்றுக்கு ஒன்று, அழற்சிக்கு ஒன்று என இரண்டு பெரிய மருந்துகள் ஒரே கூரையின் கீழ் ஒரே மனிதரின் மேற்பார்வையில் உருவாயின. நம் பாடப் புத்தகங்களில் அவருக்கு இரண்டு வரி கூடக் கிடைக்கவில்லையே என்ற ஆதங்கம் எனக்குண்டு.

யானைக்காலுக்கு வருவோம். இரண்டாம் உலகப் போர். பசிபிக் தீவுகளில் இறங்கிய அமெரிக்கச் சிப்பாய்களில் ஆயிரக்கணக்கானவர்களுக்குக் கைகாலும் விரையும் வீங்கத் தொடங்கின. ஆண்மை போய்விடும் என்ற வதந்தி முகாமெங்கும் பரவியது. இந்தியாவிலும் இலங்கையிலும் ஏழைகளின் கால்கள் நூற்றாண்டுகளாக வீங்கியிருந்தபோது எந்தப் பெரிய ஆய்வகமும் பதறவில்லை. இப்போது வாஷிங்டன் பதறியது.

அன்று கைவசம் இருந்தவை ஆன்டிமனி, ஆர்சனிக் கலந்த ஊசிகள். புழுவுக்கும் விஷம், ஆளுக்கும் விஷம். லெடர்லேயில் ரெஜினால்ட் ஹெவிட் தலைமையில் பருத்தி எலிகளைக் கூண்டில் அடைத்தார்கள். அந்த எலிக்கு இயற்கையாகவே ஒருவகை ஃபைலேரியா புழு உண்டு. பொருள் மாற்றிப் பொருள் கொடுத்து, ரத்தத்தில் புழுக்குஞ்சு குறைகிறதா என்று எண்ணிக்கொண்டே போனார்கள். பிப்பரசீனிலிருந்து செய்த ஒரு வெள்ளைப் பொடியைக் கொடுத்தபோது குஞ்சுகள் ரத்தத்திலிருந்து மறைந்தன. அதுவும் நிமிடக் கணக்கில்!

டைஎத்தில்கார்பமசைன். சுருக்கமாக டி.இ.சி. கடைப் பெயர் ஹெட்ராசான். 1947-ல் போர்ட்டோ ரிக்கோவில் மனிதர்களுக்குக் கொடுத்துப் பார்த்து வெற்றி என்று அறிவித்தார்கள்.

ஆனால் அதில் ஒரு புதிர் இருந்தது. உடம்புக்குள் நிமிடங்களில் வேலை செய்யும் இந்த மருந்தை, கண்ணாடிக் குழாயில் புழுமேல் ஊற்றினால் புழு சாவதில்லை. சாதாரண அளவில் அது பாட்டுக்கு நெளிந்துகொண்டிருக்கும். மருந்து புழுவைக் காட்டிக் கொடுக்கிறது, அடிப்பது நம் உடம்பின் சொந்தக் காவல் படை என்று மெல்ல மெல்லத்தான் புரிந்தது. அந்த அடியின் முழு விவரம் இன்றும் தெளிவாகவில்லை. இந்தப் புதிரை வாசகர்கள் நினைவில் வைத்திருக்க வேண்டும். இந்தியாவில் இந்த மாத்திரையைக் கவிழ்த்ததே இதுதான்.

1948 ஆகஸ்டில், ஐம்பத்து மூன்று வயதில், சுப்பாராவ் தூக்கத்திலேயே இறந்துபோனார். ஏழு ஆண்டு கழித்து, 1955-ல், இந்திய அரசு தேசிய ஃபைலேரியா கட்டுப்பாட்டுத் திட்டத்தைத் தொடங்கியது. ஊர் ஊராகச் சென்று எல்லாருக்கும் டி.இ.சி. கொடுப்பது என்று முடிவு. நம்மவர் கண்டுபிடித்த மருந்து நம் மண்ணுக்கே வந்துவிட்டது, இனி என்ன என்றுதானே நினைப்போம்?

மாத்திரை விழுங்கிய இரவே சிலருக்குக் காய்ச்சல் தூக்கி அடித்தது. தலைவலி, உடம்பு வலி, வாந்தி. யாருக்கு? பெரும்பாலும் ரத்தத்தில் புழுக்குஞ்சு இருந்தவர்களுக்கு. மருந்து வேலை செய்கிறது என்பதற்கு அந்தக் காய்ச்சலே அடையாளம். ஆனால் நேற்று வரை ஓடியாடி வேலை செய்தவனை இன்று பாயில் படுக்க வைத்துவிட்டு, “இது நல்ல காய்ச்சல்” என்று சொன்னால் எந்தத் தாய் கேட்பாள்? “நல்லா இருந்த புள்ளைக்கு எதுக்கு மாத்திரை குடுத்தீங்க?” என்ற கேள்விக்குச் சுகாதாரப் பணியாளர்களிடம் பதில் இல்லை. அறுபதுகளின் தொடக்கத்துக்குள் ஊருக்கே மாத்திரை கொடுக்கும் வேலை கைவிடப்பட்டது. கொசுப் புழு மேல் எண்ணெய் ஊற்றும் வேலைக்குத் திரும்பினார்கள்.

மருந்து இருந்தது, நோயும் இருந்தது. இரண்டையும் சேர்த்துவைக்க வழி இல்லை. கண்டுபிடிப்பில் கடினமான பாதி ஆய்வகத்தில் நடப்பது என்றால், இந்தத் தொடரை எழுத வேண்டிய அவசியமே இருந்திருக்காது. நோவு தெரியாத ஒருவரைப் பக்கத்து வீட்டுப் பிள்ளைக்காக மாத்திரை விழுங்க வைப்பதுதான் அந்தப் பாதி. அதற்கு விடை தேடிய மண் நம் கரை.

முதல் விடை உப்பு. லண்டன் ஒட்டுண்ணி ஆய்வாளர் ஃபிராங்க் ஹாக்கிங் (விண்ணியல் மேதை ஸ்டீஃபன் ஹாக்கிங்கின் தந்தை) பிரேசிலில் சமையல் உப்போடு டி.இ.சி.யைக் கலந்து பார்த்தார். 1967-ல் முடிவுகள் வெளியாயின. டி.இ.சி. அடுப்புச் சூட்டில் கெடுவதில்லை. குழம்பில் ருசி தெரிவதில்லை. நாளுக்கு நாள் துளித்துளியாக உடம்பில் சேர்வதால் அந்தப் பாழாய்ப்போன காய்ச்சலும் பெரிதாக வருவதில்லை. சீனா இந்த உப்பைப் பெரிய அளவில் கையாண்டது. 2007-ல் யானைக்காலை ஒழித்த நாடு என்ற பெயரும் வாங்கியது. இந்தியாவில் லட்சத்தீவிலும், எண்பதுகளின் முதற்பாதியில் காரைக்காலிலும் மருந்து உப்பு வீடுவீடாகப் போனது. காரைக்காலில் ரத்தத்தில் புழுக்குஞ்சு உள்ளவர்கள் வெகுவாகக் குறைந்தார்கள்.

அப்படியானால் மரக்காணத்தில் விளையும் உப்பிலேயே கலந்து, கரை முழுக்கக் கொடுத்திருக்கலாமே? எனக்கும் முதலில் அப்படித்தான் தோன்றியது. பாத்திக் கரையில் நின்று பார்த்தால் சிக்கல் புரியும். வெயில் ஏற ஏறப் பாத்தியில் உப்பு பூக்கிறது. பலகை போட்டு வாரி வரப்பில் குவிக்கிறார்கள். மழைக்குக் கீற்று போட்டு மூடுகிறார்கள். அங்கிருந்து அது மூட்டையாகவும் தலைச்சுமையாகவும் எங்கெங்கோ போகிறது. கருவாட்டுக்கு, மாட்டுக்கு, ஊறுகாய்க்கு, குழம்புக்கு என எல்லாவற்றுக்கும் அதே உப்புதான். மருந்து உப்பு பலிக்க வேண்டுமானால் ஊரில் வேறு உப்பே நுழையக் கூடாது. தீவிலும் சிறு மாவட்டத்திலும் அது முடியும். கூப்பிடு தூரத்தில் உப்பளத்தை வைத்துக்கொண்டிருக்கும் கரையில் யார் வாசலில் காவல் நிற்பது?

இரண்டாவது விடை புதுச்சேரியில் பிறந்தது. 1975-ல் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் அங்கே கொசு, பூச்சி வழி நோய்களுக்கென்று ஓர் ஆய்வு மையத்தை நிறுவியது. முதல் இயக்குநர் பி.கே.ராஜகோபாலன். 1981 முதல் 1985 வரை புதுச்சேரி நகரத்தின் சாக்கடை, தொட்டி, கிணறு என்று ஒன்று விடாமல் இறங்கிக் கொசுவைக் குறைத்துக் காட்டினார்கள். பிறகு தொண்ணூறுகளில், அதே மையத்தின் கே.டி.ராமையா, பி.கே.தாஸ் உள்ளிட்ட விஞ்ஞானிகள் விழுப்புரம் மாவட்டத்துக் கிராமங்களுக்குள் வந்தார்கள். சில ஊர்களுக்கு டி.இ.சி. சில ஊர்களுக்கு ஐவர்மெக்டின் என்ற இன்னொரு புழு மருந்து. சில ஊர்களுக்கு மருந்தே இல்லாத வெற்று மாத்திரை. நாள்கணக்கில் விழுங்கும் மருந்தெல்லாம் கிடையாது. சுற்றுக்கு ஒரே ஒரு வேளை. அதைப் பத்து ஆண்டுகள் விடாமல் தொடர்ந்தார்கள்.

மருந்து போன ஊர்களில் புழு பெருமளவு விழுந்தது. வருடத்துக்கு ஒரு நாள், ஒரு வேளை என்றால் மக்கள் ஒத்துழைப்பார்கள் என்ற நம்பிக்கையில்தான் பின்னால் தமிழ்நாட்டிலும் நாடெங்கிலும் வீட்டு வாசலில் மாத்திரை கொடுக்கும் நாள் வந்தது. 2007 முதல் ஆல்பெண்டசோல் என்ற புழு மாத்திரையும் சேர்ந்தது. கோட்டக்குப்பத்துக்காரர்களுக்கும் அந்த நாள் தெரியும். “எங்க முன்னாடியே முழுங்கிடுங்கம்மா” என்று பணியாளர் நிற்பார்; மாத்திரை முந்தானை முடிச்சுக்குப் போய்விடக் கூடாதே என்ற கவலை அவருக்கு.

ஆனால் அந்தக் கிராமங்களில் பத்து ஆண்டு மருந்துக்குப் பிறகும் புழு அடியோடு ஒழியவில்லை. தாய்ப்புழு பிடிவாதமாக இருந்தது. காய்ச்சலும் சிலருக்கு வந்துகொண்டேதான் இருந்தது. புழு செத்தால் இவ்வளவு காய்ச்சலும் அழற்சியும் ஏன் வர வேண்டும்? செத்த புழுவின் உடலிலிருந்து ரத்தத்தில் கொட்டுவது என்ன?

இதற்கான துப்பு எழுபதுகளிலேயே கிடைத்திருந்தது. ஃபைலேரியா புழுவை மெல்லிய சீவலாக வெட்டி எலெக்ட்ரான் நுண்ணோக்கியில் பார்த்தவர்கள், புழுவின் உயிரணுக்களுக்குள் புழுவுக்குச் சொந்தமில்லாத உருண்டைகள் கூட்டங்கூட்டமாக இருப்பதைக் கண்டார்கள். பார்த்ததை எழுதி வைத்தார்கள். உலகம் இருபது ஆண்டுகள் அதைத் திரும்பிப் பார்க்கவில்லை. அந்த உருண்டைகளுக்கும் உயிர் உண்டு. அவை இல்லாமல் புழுவால் குட்டி போடவே முடியாது. அவற்றைக் கொல்லும் மருந்தின் பாட்டன், சுப்பாராவ் இறந்த அதே 1948-ல், அவருடைய அதே ஆய்வகத்திலிருந்து, மண்ணில் கிடைத்த ஒரு பொன்னிற நுண்ணுயிரியிலிருந்து உலகுக்கு வந்தது. அந்த மருந்துக்கும் யானைக்காலுக்கும் உறவு உண்டென்று தெரியாமலே அவர் கண்மூடினார்.

புழுவுக்குள் குடியிருந்தது யார்?

(அடுத்த வாரம்…)