விற்ற பொருள் திரும்பி வரும்போது

1995 செப்டம்பர் மாதத்தின் ஒரு விடுமுறை நாளில், கலிஃபோர்னியாவின் சான் ஹோசே நகரில் இருந்த 28 வயது மென்பொருள் பொறியாளர் பியர் ஒமிட்யார் இணையத்தில் ஓர் ஏலத் தளத்தைத் திறந்தார். 'ஆக்‌ஷன்வெப்' என்பது அதன் பெயர். சோதித்துப் பார்ப்பதற்காக அவர் ஏலத்துக்கு வைத்த பொருள், வேலை செய்யாத ஒரு லேசர் பாயின்ட்டர். அது 14.83 டாலருக்குப் போனது. பழுதானது என்று எழுதித்தான் வைத்திருந்தார். ஆனாலும் ஏலத்தில் எடுத்தவருக்கு மின்னஞ்சல் அனுப்பி, பழுது என்று தெரிந்துதான் எடுத்தீர்களா என்று கேட்டார். பழுதான லேசர் பாயின்ட்டர்களைச் சேகரிப்பவன் நான் என்று பதில் வந்தது.

1997-ல் அந்தத் தளம் 'ஈபே' என்று பெயர் மாறியது. வீட்டில் கிடக்கும் பழைய கேமராவையும் பொம்மையையும் நாணயத்தையும் முன்பின் தெரியாத ஒருவருக்கு விற்கலாம் என்ற பழக்கத்தை உலகம் முழுக்கப் பரப்பியது அதுதான். அன்று ஒமிட்யார் முன்வந்து கேட்ட கேள்வியை எல்லா விற்பனையாளரும் கேட்டிருந்தால் பிற்பாடு வந்த கோடிக்கணக்கான புகார்களில் பெரும்பகுதி வந்தே இருக்காது. அவர்கள் கேட்கவில்லை. அதனால் புகாரை எப்படிக் கேட்பது, யார் தீர்ப்பது, பணம் யாரிடம் இருப்பது என்பதையெல்லாம் இணையச் சந்தை ஒவ்வொன்றாகக் கற்றுக்கொள்ள வேண்டியிருந்தது.

பழைய பொருள் மீதான புகார் இணையத்தோடு பிறந்ததல்ல. இந்தியாவின் பழைய நீதி நூல்களில் ஒன்றான நாரத ஸ்மிருதி, வாங்கிய பொருளைத் திருப்பிக் கொடுப்பதற்கென்றே ஒரு பகுதியை ஒதுக்கியிருக்கிறது. வாங்கியவர் பொருளைச் சோதித்துப் பார்க்க அது தரும் கெடு பொருளுக்குப் பொருள் மாறும்: கறவை மாட்டுக்கு 3 நாள், பாரம் சுமக்கும் விலங்குக்கு 5 நாள், முத்துக்கும் வைரத்துக்கும் 7 நாள், விதைக்கு 10 நாள். குறை வெளிப்பட எவ்வளவு காலம் ஆகுமோ அவ்வளவு காலம் என்ற நடைமுறை அறிவு இந்தக் கணக்கில் தெரிகிறது.

உடுத்திய துணியைப் பற்றியும் அந்த நூல் தனியாகப் பேசுகிறது. கிழிந்து அழுக்கேறிய துணி, வாங்கும்போதே அந்த நிலையில்தான் இருந்தது என்றால் அதைத் திருப்பிக் கொடுக்க முடியாது. துணியின் மதிப்பு முதல் சலவையில் எட்டில் ஒரு பங்கு குறையும், இரண்டாவதில் கால் பங்கு, மூன்றாவதில் மூன்றில் ஒரு பங்கு, நான்காவதில் பாதி என்று தேய்மானக் கணக்கும் உண்டு. இன்று புகார் கேட்கும் பழைய பொருள் தளங்களின் விதிகளைப் பிரித்தாலும் பெரும்பாலும் இந்த இரண்டும் இருக்கும். தெரிந்து வாங்கிய குறைக்குப் புகார் கிடையாது. பயன்பாட்டால் வந்த தேய்மானம் மோசடி ஆகாது.

ரோமாபுரிச் சந்தைகளில் இன்னும் கறாரான விதி இருந்தது. சந்தையைக் கண்காணித்த அதிகாரிகள், அடிமைகளையும் கால்நடைகளையும் விற்பவர்கள் நோயையும் குறையையும் தாங்களே முன்கூட்டி அறிவிக்க வேண்டும் என்று ஆணையிட்டிருந்தார்கள். மறைத்து விற்றது தெரிந்தால் வாங்கியவர் 6 மாதத்துக்குள் வியாபாரத்தையே ரத்து செய்யலாம். அல்லது ஓராண்டுக்குள் விலைக் குறைப்புக் கேட்கலாம். மனிதரையே சரக்காக விற்ற கொடிய சந்தை அது. ஆனால் குறையைச் சொல்லும் கடமை விற்பவருடையது என்ற சட்டக் கருத்து அங்கேதான் தெளிவாக எழுதப்பட்டது.

ஆங்கிலேயச் சட்டம் வேறு திசையில் நடந்தது. வாங்குபவரே விழிப்பாக இருக்க வேண்டும் என்பது அதன் அடிப்படை. அந்த வழியில் வந்த இந்தியாவின் 1930-ஆம் ஆண்டு சரக்கு விற்பனைச் சட்டத்திலும், பொருளின் தரத்துக்குச் சில விதிவிலக்குகள் தவிர விற்பவர் பொறுப்பல்ல என்கிறது 16-ஆம் பிரிவு. அதற்கு முந்தைய 15-ஆம் பிரிவு வாங்குபவரின் பக்கம் நிற்கிறது: விவரித்து விற்ற பொருள் அந்த விவரிப்போடு ஒத்துப்போக வேண்டும். இணையத்தில் பொருளைப் பார்க்காமல், எழுதியதைப் படித்தே வாங்குகிறவருக்கு அந்த ஒரு வரிதான் சட்டத்தில் முதல் பிடிமானம்.

நேரில் நடக்கும் பழைய பொருள் வியாபாரத்தில் சட்டத்தின் தேவை அதிகம் எழவில்லை. சென்னை சென்ட்ரல் ரயில் நிலையத்தை ஒட்டி இருந்த மூர் மார்க்கெட், 1985-ல் தீக்கிரையாகும் வரை பழைய புத்தகங்களுக்கும் பழம்பொருட்களுக்கும் பெயர் பெற்றிருந்தது. அங்கே வாங்குபவர் புத்தகத்தைப் புரட்டிப் பார்த்து, கிழிந்த பக்கத்தைக் காட்டி, பேரம் பேசி வாங்கினார். சண்டை போட வேண்டுமானால் மறுநாள் அதே கடைக்குப் போகலாம். விற்றவர் அங்கேயே இருப்பார், பக்கத்துக் கடைக்காரரும் காதில் போட்டுக்கொள்வார். 'விற்ற பொருள் திரும்பப் பெறப்பட மாட்டாது' என்று எழுதி மாட்டிய கடையில்கூட, தெரிந்த முகம் வந்து நின்றால் மாற்றிக் கொடுப்பது நம் ஊர் வழக்கம்.

இணையம் இதைத்தான் பறித்தது. கையால் தொட்டுப் பார்க்க வழியில்லை. விற்றவர் எங்கே இருக்கிறார் என்பதும் தெரியாது. இத்தகைய சந்தைக்கு என்ன ஆகும் என்பதை, இணையம் வருவதற்கு முன்பே ஜார்ஜ் அகர்லாஃப் என்ற அமெரிக்கப் பொருளியலாளர் 1970-ல் விளக்கியிருந்தார். பழைய கார்களை எடுத்துக்காட்டாக வைத்து அவர் எழுதிய கட்டுரையை மூன்று ஆய்விதழ்கள் திருப்பி அனுப்பிய பிறகே நான்காவது வெளியிட்டது. காரின் உண்மை நிலை விற்பவருக்கு மட்டும் தெரியும். வாங்குபவர் சந்தேகத்தில் விலையைக் குறைத்துக் கேட்பார். அந்த விலைக்கு நல்ல கார் வைத்திருப்பவர் விற்க மாட்டார். சந்தையில் ஓட்டை வண்டிகள் மட்டுமே மிஞ்சும். நேர்மையின்மையின் விலையைப் பற்றி எழுதும்போது, கடைத்தெரு அரிசியில் அதே நிறத்தில் அதே வடிவில் வேண்டுமென்றே கலந்த கல்லைப் பொறுக்கும் இந்தியக் குடும்பப் பெண்ணையும் அவர் குறிப்பிட்டார். 2001-ல் அவருக்குப் பொருளியல் நோபல் பரிசு கிடைத்தது.

அகர்லாஃப் சொன்ன முடிவு ஈபேக்கு வந்திருக்க வேண்டும். வரவில்லை. அதற்குக் காரணம், அது புகாருக்கு ஒரு வாசல் திறந்து வைத்ததுதான்.

தொடக்கத்தில் புகார்கள் எல்லாம் ஒமிட்யாரின் மின்னஞ்சலுக்கே வந்தன. உங்களுக்குள் பேசித் தீர்த்துக்கொள்ளுங்கள் என்பதே பெரும்பாலும் அவர் சொன்ன பதில். தனி ஆளாகச் சமாளிக்க முடியாமல் போகவே, 1996 பிப்ரவரியில் ஒரு பொது ஏற்பாடு செய்தார். ஒருவரோடு வியாபாரம் செய்தவர், அவரைப் பற்றி எல்லோரும் பார்க்கும்படி நல்லதோ கெட்டதோ எழுதலாம். நல்லதற்கு ஒரு புள்ளி கூடும், கெட்டதற்கு ஒரு புள்ளி குறையும். அதை அறிவித்த கடிதத்தில், பெரும்பாலான மனிதர்கள் நேர்மையானவர்கள் என்ற தன் நம்பிக்கையைச் சொன்னார்; எதிரில் இருப்பவரும் தவறு செய்யக்கூடிய ஒரு மனிதர்தான் என்பதை மறக்க வேண்டாம் என்றும் கேட்டுக்கொண்டார்.

அந்தப் புள்ளிகளுக்குப் பண மதிப்பு உண்டா என்று பின்னர் பால் ரெஸ்னிக் தலைமையில் ஆய்வாளர்கள் சோதித்தார்கள். பழைய தபால் அட்டைகளில் ஒரே மாதிரியான தொகுதிகளை, நல்ல பெயர் எடுத்திருந்த ஒரு கணக்கிலும் புதிய கணக்குகளிலும் ஏலத்துக்கு வைத்தார்கள். நல்ல பெயருக்கு வாங்குபவர்கள் 8.1 சதவீதம் கூடுதல் விலை கொடுக்க முன்வந்தார்கள். ஒரு புகாரைப் பொறுமையாகத் தீர்த்து வைப்பது தர்மத்துக்குச் செய்யும் காரியம் மட்டுமல்ல, வருமானமும்கூட என்பதற்கு இதைவிட நேரடியான சான்று வேண்டாம்.

ஆனால் அந்த ஏற்பாட்டில் ஒரு ஓட்டை இருந்தது. ஈபேயின் 1999-ஆம் ஆண்டுத் தரவுகளில், வாங்கியவர்கள் எழுதிய கருத்துகளில் கெட்டது 1 சதவீதம்கூட இல்லை. எல்லோரும் திருப்தியாக இருந்ததால் மட்டும் அல்ல. விற்றவரும் பதிலுக்கு வாங்கியவரைப் பற்றிக் கெட்டதாக எழுதலாம் என்ற பயம் பலரின் வாயை அடைத்தது. 2008-ல் ஈபே விதியை மாற்றியது: விற்றவர் இனி வாங்கியவரைப் பற்றிக் கெட்ட புள்ளி தர முடியாது. கட்டண மாற்றத்தோடு சேர்ந்து வந்த இந்த அறிவிப்பை எதிர்த்து, அந்த ஆண்டு பிப்ரவரியில் விற்பனையாளர்கள் ஒரு வாரம் தளத்தைப் புறக்கணித்தார்கள். பொய்ப் புகார் சொல்பவரிடமிருந்து எங்களை யார் காப்பது என்ற அவர்களின் கேள்வியிலும் நியாயம் இருந்தது.

புள்ளி என்பது தண்டனைதான், தீர்வு அல்ல. உடைந்து வந்த கடிகாரத்துக்குப் பணம் கேட்டு நிற்பவருக்கு, விற்றவரின் பெயர் கெட்டதில் என்ன லாபம்? 1999-ல் மாசசூசெட்ஸ் பல்கலைக்கழகத்தின் ஈதன் காட்ஷ் ஈபேயோடு சேர்ந்து ஒரு சோதனை நடத்தினார். சில வாரங்களில் 200-க்கும் மேற்பட்ட புகார்கள் வந்தன. ஒரு நடுவர் மின்னஞ்சல் வழியாகவே இரு தரப்பையும் பேச வைத்தார். புகாருக்கு ஆளானவர்களில் பெரும்பாலோர் பேச முன்வந்தார்கள். நடுவரிடம் போனவற்றில் ஏறத்தாழ பாதி தீர்ந்தன.

அடுத்து ஈபேயின் புகார்களைக் கையாண்ட 'ஸ்கொயர்டிரேட்' நிறுவனம், நடுவர் வருவதற்கு முன்பே பாதி வேலையை முடிக்கும் வழியைக் கண்டது. கோபத்தில் நீளக் கடிதம் எழுதுவதற்குப் பதிலாக ஒரு படிவம் நிரப்ப வேண்டும். என்ன குறை? என்ன தீர்வு வேண்டும்: முழுப் பணமா, விலையில் ஒரு பகுதியா, மாற்றுப் பொருளா? எதிர்த்தரப்புக்கும் அதே படிவம் போகும். என்ன வேண்டும் என்பது தெளிவானதும் வசைமொழி தானாகக் குறைந்தது. 2003-ல் ஈபேயின் புகார்த் தீர்வுப் பிரிவுக்கு இயக்குநராக வந்த காலின் ரூல் காலத்தில் அந்தப் பிரிவு ஆண்டுக்குச் சுமார் 6 கோடி புகார்களைக் கையாளும் அளவுக்கு வளர்ந்தது. அவற்றில் மிகப் பெரும்பாலானவை ஊழியர் யாரும் தலையிடாமலே தீர்ந்தன. பொருள் வரவில்லை, சொன்னபடி இல்லை என்ற இரண்டு வகைக்குள் புகார்களை அடக்கியது இதற்குப் பெரிதும் உதவியது.

சீனா வேறு வழியைப் பிடித்தது. 2003 அக்டோபரில் 'தாவ்பாவ்' தளத்தில், ஜப்பானில் இருந்த ஒருவர் தன் பழைய ஃபூஜி கேமராவை ஷியான் நகர மாணவர் ஒருவருக்கு 750 யுவானுக்கு விற்றார். பணத்தை இடையில் தளமே பிடித்து வைத்து, பொருள் கைக்கு வந்து வாங்கியவர் சரி என்ற பிறகே விற்றவருக்குக் கொடுத்தது. 'அலிபே'யின் முதல் பரிவர்த்தனை அதுதான். புகார் வரும்போது பணம் நடுவில் இருந்தால் இரு தரப்புக்கும் பேசும் அவசியம் உண்டு. தாவ்பாவை நடத்தும் குழுமத்தின் பழைய பொருள் தளமான 'ஷியான்யூ', தகராறுகளை 17 சாதாரணப் பயனாளர்களின் வாக்குக்கு விடும் முறையையும் கொண்டுவந்தது.

ஆனால் பயனாளர்களையே பஞ்சாயத்துக்கு உட்கார வைக்கும் யோசனை இந்தியாவில் முன்பே வந்துவிட்டது. 2004-ல் 'பாஸி' தளத்தை வாங்கி இங்கே நுழைந்த ஈபே, 2008-ல் சமூக நீதிமன்றம் ஒன்றை இந்தியத் தளத்தில் தொடங்கியது. தன்மீது எழுதப்பட்ட கெட்ட கருத்து அநியாயம் என்று நினைக்கும் விற்பனையாளர் முறையிடலாம். வாங்கியவர் தன் பக்கத்தைச் சொல்வார். குலுக்கல் முறையில் தேர்ந்த 21 பயனாளர்கள் இரு தரப்பின் படங்களையும் கடிதங்களையும் பார்த்து முடிவு சொல்வார்கள். இந்தத் திட்டத்தை காலின் ரூலோடு சேர்ந்து வளர்த்தெடுத்தவர் சிட்டு நாகராஜன். இணையவழித் தகராறு தீர்வு பற்றிய அனைத்துலக மாநாடு 2011-ல் சென்னையிலேயே நடந்தது. ஆனால் 2018 ஆகஸ்டில் ஈபேயின் இந்தியத் தளம் மூடப்பட்டது. அந்தச் சமூக நீதிமன்றமும் இன்று இல்லை.

இன்று இந்தியாவில் பழைய கைபேசியோ கட்டிலோ விற்பவர் பெரும்பாலும் விளம்பரத் தளத்தில் படம் போடுகிறார். வாங்குபவர் தொலைபேசியில் அழைத்து, நேரில் வந்து, பணம் கொடுத்து எடுத்துப் போகிறார். அதற்குப் பிறகு நடப்பதில் தளத்துக்குப் பங்கில்லை. 2020-ஆம் ஆண்டு மின்வணிக நுகர்வோர் விதிகளும், வணிகமாகத் தொடர்ந்து செய்யாமல் தனிப்பட்ட முறையில் விற்கும் நபரின் செயலுக்குப் பொருந்தாது என்று வெளிப்படையாகவே விலக்கு அளிக்கின்றன. வீட்டு ஃபிரிட்ஜை ஒருமுறை விற்கும் குடும்பத்தைக் கடைக்காரரைப் போல நடத்தக் கூடாது என்ற எண்ணம் சரியானதே. ஆனால் அந்த விலக்குக்குப் பின்னால் ஏமாந்தவருக்கு மிஞ்சுவது உரிமையியல் நீதிமன்றமும் 1930-ஆம் ஆண்டுச் சட்டமும்தான். 4,000 ரூபாய் கைபேசிக்காக யாரும் அங்கே போவதில்லை.

இந்த இடைவெளியை நிரப்பப் புதிதாக எதையும் கண்டுபிடிக்க வேண்டியதில்லை. பணத்தைச் சில நாள் பிடித்து வைக்கும் வசதி, குறையையும் கேட்கும் தீர்வையும் குறிக்கும் ஒரு படிவம், அனுபவமுள்ள பயனாளர்களின் சிறு குழு, இவை மூன்றும் வெவ்வேறு சந்தைகளில் ஏற்கெனவே இயங்கிக் காட்டியவை. விளம்பரத் தளங்கள் இவற்றைத் தர வேண்டும். தராவிட்டால் அரசு விதி வகுத்துக் கேட்க வேண்டும். அதுவரை, வீட்டிலிருந்து ஒரு பழைய பொருளை விற்க நினைப்பவர்கள் கீறலையும் பழுதையும் அருகில் படமெடுத்து விளம்பரத்திலேயே போடுங்கள். குறை என்று அழைப்பு வந்தால் எடுத்துப் பேசுங்கள். நீங்கள் எழுதியதற்கு மாறாகப் பொருள் இருந்தால், பணத்தைத் திருப்பிக் கொடுத்துப் பொருளை வாங்கிக்கொள்ளுங்கள்.